இரும்புக்கு இடையே இறப்பர்

1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் கார்கள் எமது வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. தந்தையார் விட்டுச்சென்ற காரும் அவ்வகையினதே. பள்ளங்களில் அது எழுப்பிய ஓசையைக் கேட்டுப் பலர், பழைய இரும்புக்கு விற்றுவிடுமாறு கூறினர். ஆயின் இரும்பிற் பழுதில்லை. பின்பக்க வில்தகடுகளின் முனைகளிலுள்ள சிறிய இறப்பர் புஷ்களே, எண்ணெய் பட்டு ஊதியும் காலத்தால் வெடித்தும் நைந்திருந்தன.

புதியவற்றைப் பொருத்திய முதிய மெக்கானிக் ஆணிகளை உடனே முற்றாக இறுக்கவில்லை. காரை நிலத்தில் இறக்கி, பாரம் முழுவதும் சில்லுகளில் தங்கிய பின்னரே இறுக்கினார். உயர்த்திய நிலையில் இறுக்கினால், இறக்கும்போதே இறப்பர் முறுகிவிடும். ஓட்டத்தில் மேலும் முறுகி விரைவிற் கிழியும்.

பாரமற்ற வேளையில் நாம் இறுக்கிக்கொள்ளும் கொள்கைகளும், வாழ்வின் சுமை ஏறியதும் இவ்வாறே கிழிகின்றன அல்லவா?