தேசிங்கு ராஜாவின் ஊர்

செஞ்சிப் பிள்ளைகளுக்குக் கோட்டை சுற்றுலாத் தலம் இல்லை. ஆடு மேய்கிற இடம், சீத்தாப்பழம் பறிக்கிற இடம், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் பதுங்குகிற இடம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையே மதிலை ஊடுருவிக்கொண்டுதான் போகும். வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாய்பிளப்பதைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

மூன்று மலை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் எங்கள் வாயில் ராஜா கோட்டை, ராணி கோட்டை. மூன்றாவதான சந்திரகிரியில் முள் மண்டிக் கிடக்கும், அந்தப் பக்கம் யாரும் அனுப்ப மாட்டார்கள். மூன்றையும் ஒரே மதில் வளைத்துக் கட்டியிருக்கிறது. ராஜகிரி மட்டும் 800 அடி உயரம்.

கமலக்கண்ணியம்மன் கோயில் ராஜகிரியில் பாதி வழியில் இருக்கிறது. ஆயாவோடு நான் படியேறியதெல்லாம் அந்த அம்மனுக்காகத்தான். மஞ்சப்பையில் வறுத்த மல்லாட்டை இருக்கும். அதைக் குரங்குக்குக் காட்டாமல் முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். நான் சிணுங்கினால், "ஏறுடா, தோ வந்துடுச்சி" என்பாள். வந்திருக்காது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம். அதன்மேல் பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை இழுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட படையும் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். நடுப்பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்க்கும்போது உள்ளங்கால் கூசும். ஆயா கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்துக் கடப்பாள்.

அவளுக்கு வரலாறு என்றால் தேசிங்குதான். ஆனந்தக் கோன் கோட்டைக்கு அடி போட்டது, விஜயநகரத்து நாயக்கர்கள் வளர்த்தது, 1677இல் சிவாஜி பிடித்தது, அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க மொகலாயர் வருடக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல் உள்ளே நுழைந்தது, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. ஆயா சொன்ன கதையில் ஒரே ராஜா, ஒரே குதிரை. ஆற்காட்டு நவாபு கப்பம் கேட்டான், தேசிங்கு மாட்டேன் என்றான், குதிரை மேலேறிப் போனான், வரவில்லை. கல்யாண மாலையோடு இருந்த சிநேகிதன் மகபத்கானும் கூடவே போய் மாண்டான். இந்த இடத்தில் ஆயாவின் குரல் தழுதழுக்கும், ஏதோ சொந்தத் தம்பி செத்ததுபோல. இந்துவும் முசல்மானும் தோள் சேர்ந்து நின்ற கதை என்று இன்றைக்கு மேடையில் பேசுகிறோம். அவள் அதைத் தனியாக எடுத்துச் சொன்னதே கிடையாது.

தேசிங்கு ஆண்டது பத்து மாதம். 1714இல் சண்டையில் இறந்தபோது இருபத்திரண்டு வயது இருக்கும் என்கிறார்கள். கோட்டையில் ஒரு கல்லைக்கூட அவன் வைத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் செட்டிக்குளத்துக் கரை மேடையைக் காட்டி, "இங்கதான் ராஜாவ எரிச்சாங்க, ராணியும் தீயில எறங்குச்சி" என்று ஆயா கும்பிடுவாள். அந்த ராணியின் நினைவாகத்தான் நவாபு ராணிப்பேட்டை என்று ஊருக்குப் பேர் வைத்தானாம்.

குளத்துக்குப் பக்கத்தில் கைதிக் கிணறு. கிணறு என்று பேர்தான், தோண்டியது இல்லை. சின்னப் பாறைமேல் தொத்திக்கொண்டு நிற்கும் பெரிய பாறை, அதில் இயற்கையாகவே ஒரு குழி, விளிம்பில் செங்கல் சுவர். கைதியை உள்ளே தள்ளிவிட்டுப் பட்டினி போட்டுக் கொல்வார்களாம். நாங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடிவந்துவிடுவோம்.

எனக்குப் பிடித்தது கல்யாண மகால். நடுவில் அடுக்கடுக்காகக் கோபுரம்போல உயரும் கட்டடம், உச்சியில் கூம்புக் கூரை. மாடிப்படி குறுகல். எதிரே ஒருவர் இறங்கினால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்து நெற்களஞ்சியத்துக்குள் போய் ஒருவன் பேரைக் கூப்பிட்டால் வளைந்த கூரை அதை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்லும். எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோர் பேரையும் அந்தச் சுவர் கேட்டிருக்கிறது. சுவரில் கரியால் கிறுக்கியும் வைத்தார்கள். அதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

2025இல் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பேரில் யுனெஸ்கோ பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான். சந்தோஷம். மராட்டியர் இங்கே இருந்தது இருபத்தோரு வருஷம், செஞ்சியைப் பலப்படுத்தியதில் அவர்கள் கை பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஊருக்குள் வந்து கேட்டுப் பாருங்கள், யாருடைய கோட்டை என்று. பத்து மாதம் ஆண்டவன் பேரைத்தான் சொல்வார்கள்.

வருகிறவர்கள் ராஜகிரி ஏறி இறங்கிய களைப்பில் அப்படியே பஸ் பிடித்துவிடுகிறார்கள். அடிவாரத்தில் வெங்கட்ரமணர் கோயில் இருக்கிறது. வாசல் சுவரில் ராமாயணமும் பாற்கடல் கடைதலும் செதுக்கியிருக்கும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. அவற்றின் உறவுக்காரத் தூண்கள் இன்னும் இங்கே நிற்கின்றன. வெயில் ஏறுமுன் மலையை முடித்துக்கொண்டு, மத்தியானம் அந்தக் கோயிலில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.