சீட்டு நோயாளியோடு போகட்டும்

ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்த காலத்தில் குண்டுக் காயத்துக்கு நான் அவ்வளவு பயந்ததில்லை. நினைவில்லாமல், கையில் ஒரு சீட்டும் இல்லாமல் வந்து சேரும் நோயாளியைப் பார்த்தால்தான் பயம். முந்தைய முகாமில் மார்ஃபின் போட்டார்களா, எப்போது போட்டார்கள்? தெரியாமல் மறுபடி போட்டால் மூச்சே நின்றுபோகலாம். ஓய்வுபெற்றுத் தாராபுரம் வந்த பிறகும் அந்தப் பயம் என்னை விடவில்லை. அதை நான் விரட்டவும் இல்லை.

லக்னோ பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள்: ஃபீல்டு மெடிக்கல் கார்டை அடிபட்டவர் உடம்போடு கட்டி அனுப்பு. ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டினால் நேரத்தைக் குறி. கார்டு இல்லையென்றால் நெற்றியிலேயே எழுது.

அதன் அருமை லடாக்கில்தான் புரிந்தது. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரம். சியாச்சின் காவல்நிலைகள் அதற்கும் வெகு மேலே. அங்கே நுரையீரலில் நீர் கோத்தால் ஆளைக் கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம். வானிலை கெட்டால் ஹெலிகாப்டர் வராது, வயர்லெஸ்ஸும் கரகரக்கும். லைன் கிடைக்கும் சில நொடிகளில் எதைச் சொல்வது? படை எண், மூச்சு, நாடித்துடிப்பு, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம். கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் அது போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. மற்ற விவரமெல்லாம் நோயாளியோடு காகிதத்தில் போகும்.

அப்படிச் சேர்ந்த குறிப்புகள் ஓர் உயிரோடு நிற்பதில்லை. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் 1,925 வீரர்களுக்கு வந்த மலைநோயை ஆராய்ந்து 1969-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மலையேறும் உலகமே அதில் பாடம் படித்தது.

இப்போது எல்லாம் கணினி. நல்லதுதான். ஆனால் எங்கள் பகுதியில் முன்னாள் ஹவில்தார் ஒருவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், கீழே விழுந்து தலையில் அடிபட்டார். கொண்டுபோன ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் இல்லை. பழைய பதிவு திறக்கவில்லை. அவர் சட்டைப்பையில் இருந்த சீட்டைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையின் பேரைத் தெரிந்துகொண்டார். "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குதுங்களே, சீட்டு எதுக்குங்க தம்பி?" என்று முன்பு என்னிடம் கேட்டவர் அவர்தான்.

மருத்துவ மென்பொருள் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். லைன் அறுந்துபோகும் என்று எண்ணியே கட்டுங்கள். பதிவு முதலில் கையிலுள்ள கருவியில் நிற்கட்டும், லைன் வந்ததும் தானாகப் போகட்டும். உயிர்காக்கும் நாலு வரி முன்னே, எக்ஸ்ரே படம் பின்னே. பழைய பதிவை அழிக்காமல் புதியதைக் கீழே சேருங்கள். எழுதியவர் பேரும் நேரமும் இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களும் இன்றே ஒரு சீட்டு எழுதுங்கள்: நோய், மருந்து, அளவு, ஒவ்வாமை, ரத்தப் பிரிவு, கூப்பிட வேண்டிய எண். மருந்து மாறும்போதெல்லாம் தேதி போட்டுப் புதிதாக எழுதி, அவர்கள் சட்டைப்பையிலோ பர்ஸிலோ வைத்துவிடுங்கள்.