லெரோஸிலிருந்து பிரேயஸ் வரை

கடல் சூழ்ந்த ஊரில் வாழும் பெண்ணுக்குக் கப்பல் என்பது உல்லாசப் பயணமன்று. பிள்ளைப்பேறு, மேற்படிப்பு, வழக்கு, மருந்து எல்லாவற்றுக்கும் அதுவே வழி. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உள்ள சகோதரிகளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், கப்பல் வந்து நிற்பதால் மட்டும் எல்லோரும் அதில் ஏறிவிட முடிவதில்லை. 2018 ஒக்டோபரில் கிரேக்க நாட்டின் சிறு தீவொன்றிலிருந்து பெருநிலத்துக்குச் சென்றபோது இதை நான் நேரில் கண்டேன்.

சமூகப் பணியாளருக்கான பயிற்சியொன்றுக்காக ஏதென்ஸ் சென்றிருந்த எங்களை ஐந்து நாட்கள் லெரோஸ் தீவுக்கு அனுப்பினார்கள். துருக்கிக் கரைக்கு அண்மையிலுள்ள இத்தீவின் பரப்பு 50 சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். மக்கள் தொகை ஏறக்குறைய 8,000. 1912இல் இத்தாலி இப்பகுதித் தீவுகளைக் கைப்பற்றியது. லாக்கி என்னும் ஆழமான குடாவில் கடற்படைத் தளமும் படைவீடுகளும் அமைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தீவு கிரேக்கத்துக்கு வந்தது.

அந்தப் பழைய படைவீடுகளில்தான் 1957இல் மனநோயாளருக்கான குடியிருப்பொன்றை அரசு தொடங்கியது. பெருநிலத்து வைத்தியசாலைகளில் இடம் போதவில்லை. உறவினர் வந்து பார்க்காத நோயாளரைக் கப்பலேற்றி இங்கே அனுப்பினார்கள். ஒரு காலத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் இங்கு இருந்தனர். அவர்களைப் பராமரித்தவர்களில் பெரும்பாலானோர் உரிய பயிற்சி பெறாத தீவு மக்கள். அவர்களுக்கு அதுவே பிழைப்பு. 1989இல் ஐரோப்பியப் பத்திரிகைகள் அங்கு நிலவிய அவலத்தை வெளிப்படுத்தின. அதன் பின்னரே சீர்திருத்தம் வேகம் பெற்றது. 1990களில் சிலர் சிறு குழுக்களாகப் பெருநிலத்துக்குத் திரும்பி, சாதாரண வீடுகளில் வாழத் தொடங்கினர்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது, கொஃப்மன் 1961இல் வெளியிட்ட நூலிலுள்ள 'முழுமை நிறுவனம்' என்ற கருத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தோம். உறங்குவதும் உண்பதும் வேலை செய்வதும் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் அமைப்பு என்பது அதன் பொருள். லெரோஸில் அந்த அமைப்பைச் சுற்றிக் கடலும் இருந்தது. இன்னொன்றும் அங்கே என்னை வருத்தியது. 2016இல் அதே வைத்தியசாலை வளவிலேயே அகதிகளுக்கான முகாமும் அமைக்கப்பட்டிருந்தது.

நாங்கள் திரும்பும் கப்பல் இரவில் வந்தது. அங்கு பெரிய பயணிகள் கப்பல்கள் பின்புறமாகக் கரையை நெருங்கி, பின்கதவைப் பாலம்போல் இறக்குகின்றன. லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் அதே கதவால்தான் ஏறி இறங்கும். அவற்றின் நடுவே ஆட்கள் ஓட வேண்டும். சிறு தீவுகளில் கப்பல் சில நிமிடங்களே தரிக்கும். பிள்ளையைத் தூக்கிய தாயும் கைத்தடியோடு வரும் பாட்டியும் அந்த அவசரத்துக்கு ஈடுகொடுத்தாக வேண்டும்.

கதவுக்கு முன்னால் பொலிஸார் நின்றனர். எங்கள் கடவுச்சீட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினார்கள். எனக்கு முன்னால் ஒரு கர்ப்பிணித் தாய், பத்து வயது மதிக்கத்தக்க மகனோடும் ஒரு சிறுமியோடும் நின்றாள். அவளுடைய கடதாசிகளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் செய்த உடன்பாட்டின் பின், லெரோஸ் உட்பட ஐந்து தீவுகளுக்கு வந்த அகதிகள் தங்கள் விண்ணப்பம் முடியும்வரை தீவைவிட்டு வெளியேற முடியாதிருந்தது. அவர்களுடைய அட்டையில் சிவப்பு முத்திரை இருக்கும். கர்ப்பிணிகள், தனியாகப் பிள்ளை வளர்ப்போர், சித்திரவதைக்குள்ளானோர் போன்றோருக்கு அக்காலத்தில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். கடும் காற்று வீசினால் கப்பல் எல்லோருக்கும்தான் நிற்கும். இந்த முத்திரையோ சிலரை மட்டும் நிறுத்தியது.

எனக்கு 2007ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற அனுமதி பெற்றே திருகோணமலைக் கப்பலில் ஏற வேண்டும். அம்மாவின் சிகிச்சைக்காக அந்த அனுமதிக்கு நாங்கள் வரிசையில் நின்ற நாட்கள் பல. பிரயாணச்சீட்டுக்குக் காசு இருந்தது. கடதாசிதான் இல்லை.

அந்தத் தாயைப் போகவிட்டார்கள். கப்பலுக்குள் அவர்கள் எங்களுக்கு எதிர்க் கதிரைகளில் அமர்ந்தனர். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்கள். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. முகாமில் கற்ற ஆங்கிலத்தில் மகன்தான் பேசினான். வைத்தியரிடமும் பொலிஸாரிடமும் விண்ணப்ப அலுவலரிடமும் அம்மாவுக்காகத் தானே பேசுவதாகப் பெருமையோடு சொன்னான். "உங்களுக்கு ஏதும் சுகவீனமா?" என்று தாயிடம் கேட்கச் சொன்னேன். அவன் கேட்டான். அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவன், "ஒன்றுமில்லையாம்" என்றான்.

அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் முன்னால் மகனையோ மகளையோ பேசவிட்டு நின்ற எத்தனையோ தாய்மாரிடம் அதைக் கண்டிருக்கிறேன். தனக்கு நேர்ந்த கொடுமையை, உடலில் உள்ள நோவை, கணவனைப் பற்றிய பயத்தை ஒரு தாய் தன் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்வாள்? அவள் சொல்லாததால் ஒன்றுமில்லை என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. அவளுக்குரிய உதவியும் விலக்கும் அந்த ஒரு வரியோடு கைநழுவிப் போகலாம். பிள்ளையும் தன் வயதுக்கு மீறிய பாரத்தைச் சுமக்கிறது.

எங்கள் குழுவில் வந்த ஈரானியச் சகோதரி சற்று நேரத்தில் வந்து சேர்ந்தார். பாரசீகமும் அவளுடைய தாரி மொழியும் ஒன்றுக்கொன்று விளங்கக்கூடியவை. மகனைச் சிறுமியோடு தேநீர் வாங்க அனுப்பிவிட்டு இருவரும் மெதுவாகப் பேசினார்கள். அது நீண்ட நேரம் நடந்தது. என்ன பேசினார்கள் என்பது இங்கு எழுதுவதற்குரியதன்று. அதன் பின் அவள் கதிரையில் சாய்ந்து நன்றாக உறங்கினாள்.

காலையில் பிரேயஸை அடைந்தோம். ஏதென்ஸுக்குரிய பெரிய துறைமுகம் அது. எங்கள் கப்பல் நின்ற வாசலிலிருந்து ரயில் நிலையம் வெகு தூரம். துறைமுகத்துக்குள் ஓடும் இலவச பஸ்ஸில் போக வேண்டும். அந்தத் தாயின் கையில் விலாசம் எழுதிய கடதாசி ஒன்று இருந்தது. ஈரானியச் சகோதரி அந்த விலாசத்துப் பணியாளருடன் தொலைபேசியில் பேசி, ஒரு பெண் பணியாளர் வரும்வரை அவர்களுடன் நின்றார். நாங்களும் நின்றோம்.

லெரோஸின் பழைய நோயாளருக்கும் அப்படித்தான். கப்பலேறியதால் மட்டும் அவர்கள் விடுதலை பெறவில்லை. மறுகரையில் ஒரு வீடும் பெயர் சொல்லி அழைக்க ஆட்களும் இருந்தபடியால்தான் அது விடுதலையாயிற்று.

சகோதரிகளே, நம் வைத்தியசாலைகளுக்கும் பொலிஸ் நிலையங்களுக்கும் மொழி தெரியாத பெண்கள் தினமும் வருகிறார்கள். தமிழ் தெரியாத சிங்களப் பெண்ணும் அவர்களில் இருப்பாள். அவளுடைய பிள்ளையைப் பேசவிட்டு நாம் வேடிக்கை பார்க்க வேண்டாம். பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து வெளியே இருத்திவிட்டு, அவளுடைய மொழி தெரிந்த ஒரு பெண்ணைத் தேடி அழைத்து வருவோம். அதற்குப் பெரிய செலவு இல்லை. அரை மணித்தியாலம் போதும்.