மலையேறும் ஜீப்பில் எத்தனை பேர்?

ஏலக்காய் எடுக்கும் பருவம் தொடங்கிவிட்டால், கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் கோழி கூவுமுன்னே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம், கூடலூர் முதலிய ஊர்களின் முச்சந்திகளில் தூக்குச்சட்டியும் குடையும் கையுமாகப் பெண்கள் காத்து நிற்பார்கள். போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, நாள் முழுவதும் செடியின் அடியில் குனிந்து காயெடுத்து, பொழுது சாயும் வேளையில் அதே ஜீப்புகளில் திரும்புவார்கள்.

நானும் பல ஆண்டுகள் இந்த மலையடிவாரத்தில் பணியாற்றியவன். தோட்டத்துக் குடும்பங்களைக் காண்பதற்காக இந்த ஜீப்புகளில் ஏறி இறங்கியவன். ஓட்டுநர்களின் அருகே அமர்ந்து, கண்டும் கேட்டும் அறிந்துகொண்ட சில செய்திகளை இங்கே எழுதுகிறேன். வண்டி ஓட்டுபவர் மட்டும் அறிந்தால் போதும் என்று இவற்றை விட்டுவிடுவதற்கில்லை. வண்டியில் ஏறி அமர்பவர்களும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டியவை இவை.

"இது ஃபோர் வீல் வண்டி, எத்தனை பேர் ஏறினாலும் இழுக்கும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் ஆற்றல் செல்வதால், சேற்றிலும் கல்லிலும் செங்குத்தான மேட்டிலும் ஜீப் ஏறிவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்த அமைப்பு வண்டியை முன்னே செலுத்துவதற்காக ஏற்பட்டது. பிரேக்கைப் பொறுத்தவரையில் எல்லா மோட்டார் வண்டிகளுக்கும் நான்கு சக்கரங்களில்தான் பிரேக் இருக்கிறது. ஃபோர் வீல் வண்டி என்பதற்காக ஜீப்புக்கு ஐந்தாவது பிரேக் எவரும் பொருத்தவில்லை. மேட்டில் இழுத்துவிட்ட அதே சுமையை, இறக்கத்தில் நிறுத்தவும் வேண்டுமல்லவா?

ஜீப் பிறந்த கதையையே சற்று நோக்குவோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கென உருவாக்கப்பட்ட வண்டி அது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து கொடுத்தன. படையின் ஏடுகளில் அதற்கு இருந்த பெயர் 'கால் டன் வண்டி' என்பதாகும். அமெரிக்கக் கணக்கில் கால் டன் என்பது 500 பவுண்டு. நமது கணக்கில் 227 கிலோ. சாலையற்ற நிலத்தில் அது சுமக்கத் தக்க பாரம் எவ்வளவு என்பதை அதன் பெயரே சொல்லிற்று.

1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் அந்த ஜீப்பை இணைத்துச் செய்யத் தொடங்கினர். அதன் வழிவந்த இன்றைய வண்டிகள் நீளத்திலும் வலிமையிலும் கூடியவை. மிகுந்த பாரம் தாங்குபவை. எனினும் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை ஒவ்வொரு வண்டியின் பதிவுச் சான்றிலும் காணலாம். ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேருக்கென ஒரு ஜீப் பதிவாகியிருக்கிறது என்று கொள்வோம். அதில் பதினாறு பேர் ஏறினால் மிகுதி ஏழு பேர். ஆளுக்கு 55 கிலோ என்று வைத்தாலும் 385 கிலோ ஆகிறது. பழைய போர்க்கால ஜீப்பின் முழுப் பாரத்தைக் காட்டிலும் இந்த மிகுதிப் பாரம் பெரிது.

எவ்வளவு பாரம் என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மலைத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வண்டி ஓட்டிய முதியவர் ஒருவர் இதை எனக்கு விளக்கினார். "சாமி, மேல் கேரியர்ல இருக்கற மூட்டைதான் வண்டியைச் சாய்க்கும், தரையோட கெடக்கற மூட்டை வண்டியைப் பிடிச்சு நிறுத்தும்" என்றார். பள்ளிக்கூடத்தில் ஈர்ப்பு மையம் என்று படித்ததை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார். ஜீப் உயரமான, அகலம் குறைந்த வண்டி. கேரியரில் இரண்டு யூரியா மூட்டைகளை ஏற்றினால் 90 கிலோ தலைக்கு மேல் ஏறிவிடுகிறது. சமதரையில் அதன் தீங்கு தெரியாது. தோட்டத்துக்குள் ஒருபக்கம் சரிந்த மண்பாதையில், ஒரு சக்கரம் கல்லில் ஏறி மறு சக்கரம் குழியில் இறங்கும்போதுதான் தெரியும். ஆதலால் கனமான பொருள்கள் வண்டியின் தரையில், முன் இருக்கையின் முதுகை ஒட்டி, நடுவில் இருக்க வேண்டும். இலேசானவை அவற்றின்மேல் வரலாம். எல்லாவற்றையும் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். கட்டாத மூட்டை, பிரேக் பிடிக்கும்போது முன்னே பாய்ந்து அமர்ந்திருப்பவரின் முதுகில் மோதும். பாதி நிரம்பிய மருந்து டிரம்மும் நல்லதன்று. வளைவில் உள்ளிருக்கும் நீர் ஒருபக்கம் ஓடி வண்டியையும் அப்பக்கம் இழுக்கும்.

பின் கதவின் படியில் நின்றுகொண்டு செல்வது இன்னொரு தீங்கு. பின் அச்சுக்கு அப்பால் பாரம் மிகுந்தால், மேடேறும்போது முன் சக்கரங்கள் தரையில் அழுந்துவதில்லை. ஸ்டியரிங் இலேசாகிவிடும், திருப்பினாலும் வண்டி உடனே திரும்பாது. பின்னால் தொற்றிக்கொண்டு நிற்கும் நான்கு இளைஞர்கள் தங்கள் உயிருக்கு மட்டுமா ஆபத்து தேடுகிறார்கள்? உள்ளே அமர்ந்திருப்பவர் அனைவரின் உயிரையும் பணயம் வைக்கிறார்கள்.

பச்சை ஏலக்காயின் எடையும் ஏமாற்றுவது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ கிடைக்கும் என்பதை நம் மக்கள் அறிவர். உலர்ந்த காய் மூட்டையைப் பார்த்துப் பழகிய கண், அதே அளவுள்ள பச்சைக் காய் மூட்டையின் பாரத்தைக் குறைவாகவே மதிப்பிடும். மூட்டைகளை எண்ணினால் போதாது. எடையைக் கேட்டறிய வேண்டும்.

இனி ஓட்டும் முறைக்கு வருவோம். செங்குத்தான மேட்டை நேராக ஏற வேண்டும்; குறுக்கே சாய்வாக ஏறினால் வண்டி புரளக்கூடும். மேட்டுக்கு ஏற்ற கியரை அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும்; நடுவழியில் மாற்றுதல் ஆகாது. பாதி மேட்டில் எஞ்சின் நின்றுபோனால், காலால் பிரேக்கை அழுத்திக் கைப்பிரேக்கையும் இழுத்து, ரிவர்ஸ் கியரில் எஞ்சினை இயக்கி, வந்த வழியே நேராகப் பின்னோக்கி இறங்க வேண்டும். அங்கேயே வண்டியைத் திருப்ப முயல்வதும், நியூட்ரலில் உருளவிடுவதும் பெருந்தவறு. சக்கரத்துக்குப் பின்னே கிளீனர் கல் வைப்பது நல்ல வழக்கம். வண்டி நகர்ந்தபின் அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போடுவதும் அவர் கடமையே. அடுத்து வரும் இருசக்கர வண்டிக்கு அது எமனாகிவிடும்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலிருந்து அடிவாரம் வரை பிரேக்கை மிதித்தே இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிமானம் குன்றும். எவ்வளவு அழுத்தினாலும் பயன் இராது. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலோ அதற்கும் குறைந்த கியரிலோ இறங்கினால், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விடுவோர் உண்டு. சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுவர். பல வண்டிகளில் எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணை விசையும் நின்றுவிடும். சில ரூபாய் டீசலுக்காகச் செய்யத் தக்க காரியமா இது? வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கலாகாது.

குறுகிய மலைச்சாலையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நெடுநாளைய விதி. கல் நிறைந்த பாதையில் கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே கோத்துப் பிடிக்காமல் வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் சுழன்று விரலை முறித்துவிடும். மழைக்காலத்தில் ஓடையைக் கடக்குமுன், இறங்கிக் கோலால் ஆழம் பார்க்க வேண்டும். கடந்த பின்னர் மெதுவாகச் சென்றுகொண்டே பிரேக்கை இலேசாக மிதித்து, ஈரம் உலர்ந்ததா என்று சோதிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நம் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் அறிவர். அறிந்திருந்தும் வண்டி நிரம்பி வழிவது ஏன்? ஆளுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும்போது, டீசல் செலவும் வண்டிக் கடனின் தவணையும் போக, பத்தாவது ஆளுக்குப் பின்னர்தான் ஓட்டுநரின் கையில் காசு மிஞ்சுகிறது. விட்டுவிட்டுச் சென்றால் அன்றைய கூலி போய்விடுமே என்ற அச்சத்தால், இடமில்லாத வண்டியிலும் பெண்கள் ஏறிக்கொள்கிறார்கள். தோட்டக்காரருக்கு விடிந்ததும் ஆள் வந்து சேர்ந்தால் போதும். ஒவ்வொருவர் தேவையும் நியாயமாகவே தோன்றுகிறது. பதினாறு பேர் ஏறிவிடுகிறார்கள்.

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே, தேயிலைத் தோட்டத் தொழிலாளரை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்தது. இறந்த ஒன்பது பேரும் பெண்கள். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அச்செய்தியைப் படித்த நாளில், நம் ஊர் முச்சந்தியில் நிற்கும் முகங்களே என் கண்முன் வந்தன.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பயணிகள் வண்டியில் அனுமதிக்கு மேல் ஏற்றும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் தண்டம் உண்டு. மிகுதியானவர்களை இறக்கி, அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடாகும்வரை அவ்வண்டியை நகர விடலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. இதைவிடக் குடும்பங்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அளவுக்கு மேல் ஆளேற்றிய பேருந்து விபத்து ஒன்றைப் பற்றி 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையினருக்கு மட்டுமே காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகும் என்பது அத்தீர்ப்பு. பதினாறு பேர் ஏறினால், ஒன்பது பேருக்கு உரியதைப் பதினாறு குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் நிலை வரலாம். எஞ்சியதை எவரிடம் போய்க் கேட்பது?

ஆகவே அன்பர்களே, காலை ஐந்து மணிக்கு, வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்போது, இதைப் பற்றி வாதாடிப் பயனில்லை. முதல்நாள் மாலையிலேயே பேசி முடிக்க வேண்டும். ஒரே தோட்டத்துக்குச் செல்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, இரண்டு வண்டியா, ஒரே வண்டி இரண்டு நடையா என்று முடிவு செய்யுங்கள். தலைக்குக் கூலி என்பதை விட்டு, நடைக்கு இவ்வளவு என்று தோட்டக்காரர் ஓட்டுநருக்குக் கொடுத்தால், ஆள் திணிக்கும் தேவை பெரிதும் குறையும். இதைக் கேட்கத் தொழிலாளர்கள் ஒன்றாகச் செல்ல வேண்டும். தனி ஒருவர் கேட்டால் மறுநாள் அவருக்கு வேலை இராது. உரமும் மருந்தும் தனி நடையில் போகட்டும். "இனி ஏற்ற முடியாது" என்று சொல்லும் ஓட்டுநரைத் திட்டாதீர்கள். அவர் தம் வருவாயை விட்டுக்கொடுத்து உங்கள் பிள்ளைகளைக் காக்கிறார்.

புதிய ஜீப் வாங்குபவர்கள் அதை மந்திரிப்பதற்கு என்னை அழைப்பது வழக்கம். மந்திரித்து முடிந்ததும் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கி, எத்தனை பேருக்கு அனுமதி என்பதைக் குடும்பத்தார் அனைவரும் கேட்கும்படி உரக்கப் படிக்கிறேன். முதலில் சிலர் நகைத்தனர். இப்போது சிலர் அந்த எண்ணை வண்டியின் பின் கதவில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இடம் இல்லை என்று சொல்ல வாய் வராத ஓட்டுநர், அந்த எழுத்தைக் கையால் காட்டிவிடுகிறார்.