காலடியில் ஒரு கடல்

தீவிலே குடியிருப்பவர்களுக்கு நாற்புறமும் கடல். அரியலூர்க்காரர்களுக்கோ காலடியிலேயே கடல்! பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்தது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலறிஞர் கண்டு சொன்னது; வயது சுமார் 12 கோடி!

அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்தான் இன்று சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனி.

“கொடியில் போட்ட புடவை சாயங்காலத்துக்குள் வெள்ளை பூத்துவிடும், தம்பி. ஆனால், என் பிள்ளைக்குச் சோறு போடுவதும் அந்தத் தூசிதானே!” என்றார் ஓர் அம்மாள்.

அவர் வீட்டு மாடத்தில், விளக்கருகே கல்லாய்ச் சமைந்த சிப்பி ஒன்று. பேரன் ஓடையில் பொறுக்கியதாம்.

அவன் பேரனுக்கும் ஒன்று மிஞ்ச வேண்டுமே!