பெயர் எழுதும் வேலை

பண்டார் தெங்காராவில் படிவம் ஒன்று படிக்கும்போது நான் செம்பிறைச் சங்கத்தில் சேர்ந்ததற்குக் காரணம் மனிதநேயமெல்லாம் இல்லை. சாரணர் இயக்கத்தில் வெயிலில் கூடாரம் அடிக்க வேண்டும். இங்கே நிழலில் உட்கார்ந்து கட்டுப் போடப் பழகலாம். கூடவே கொஞ்சம் வரலாறு மனப்பாடம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

1859 ஜூன் 24, இத்தாலியின் சோல்ஃபரீனோ போர். வியாபார வேலையாகப் போன ஹென்றி துனாந்த் என்ற சுவிஸ்காரர், கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்களைத் திரட்டி உதவினார். 1863இல் ஜெனீவாவில் அவரும் இன்னும் நால்வரும் ஒரு குழு அமைத்தார்கள். அதுதான் அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவாக வளர்ந்தது. மலேசியாவில் 1975இல் சங்கத்தின் பெயரில் இருந்த சிலுவை பிறையானது.

பாட்டியிடம் ஒப்பித்துக் காட்டினேன். வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டது: "அப்ப சயாமுக்கு மட்டும் ஏன்யா வரல?"

1943இல் பாட்டிக்கு ஆறு வயது. பால்மரம் சீவப் போன அதன் அப்பாவை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அவர் திரும்பி வரவில்லை. "எந்தத் தேதிக்குப் படையல் போடறதுன்னு தெரியாமலே எங்காத்தா செத்துப்போச்சு" என்றது பாட்டி. என்னிடம் பதில் இல்லை.

2006 டிசம்பரில் கோத்தா திங்கி மூழ்கியது. ஒரு துயர்துடைப்பு மையத்தில் எனக்குக் கிடைத்த வேலை பெயர் எழுதுவது. பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி. சோறு போடும் வேலை கிடைக்கவில்லையே என்று எனக்குக் கடுப்பு. ஒரு கிழவி மட்டும் மூன்று முறை வந்து, "என் பேரு இருக்கா, தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மகன் தேடி வந்தால் தெரிய வேண்டுமாம்.

பிறகுதான் தேடிப் படித்தேன். செஞ்சிலுவையின் பெரிய வேலைகளில் ஒன்றே பெயர் எழுதுவதுதான். முதல் உலகப் போரில் கைதிகளைத் தேடும் குடும்பங்களுக்காக ஜெனீவாவில் சுமார் 70 லட்சம் அட்டைகள் எழுதினார்கள். ஆனால் 1929 ஜெனீவா உடன்படிக்கை காத்தது பிடிபட்ட படைவீரர்களைத்தான். ஜப்பான் அதில் கையெழுத்திட்டும் உறுதிசெய்யவில்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வந்த பொட்டலங்களிலேயே பெரும்பாலானவை போய்ச் சேரவில்லை. தோட்டத்துத் தமிழனோ கைதிகூட இல்லை, கூலி. அவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. போரில் சிக்கும் குடிமக்களையும் காக்க ஒரு வரைவை 1934இலேயே செஞ்சிலுவை மாநாடு ஏற்றுக்கொண்டது. மாநாடு நடந்த ஊர் தோக்கியோ! அதைச் சட்டமாக்க 1940இல் அரசுகள் கூடுவதாக இருந்தது. அதற்குள் போர் வந்துவிட்டது. 1949இல்தான் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை குடிமக்களுக்குக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டு முடித்துவிட்டார்கள். அதில் இறந்த போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. காஞ்சனாபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், அநேகமாக எல்லாவற்றிலும் பெயர். நம் ஆட்களுக்கு மதிப்பீடு மட்டும்தான்.

இதற்காகச் செஞ்சிலுவையைத் திட்ட எனக்கு மனமில்லை. இல்லாத சட்டத்தை அவர்கள் முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். ஆனால் கருணைக்கும் ஒரு பதிவேடு உண்டு, அதில் யார் பெயர் ஏறும் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள் என்பது புரிந்தது.

பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சட்டத்துல நமக்கு எடமில்ல பாட்டி."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு தன் அப்பாவின் பெயரை, அவருடைய அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னது. "எழுதிக்கய்யா."

எழுதிக்கொண்டேன். தேதிக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டேன்.