பிறிட்ஜ் வீட்டுக்குள் வந்த கதை

எழுபதுகளில் கொழும்பில் ஒரு வீட்டின் வசதியை அறியச் சமையலறைவரை செல்ல வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டி விருந்தினர் கண்ணில் படும்படி முன்மண்டபத்திலேயே நிற்கும். அதன்மேல் பின்னல் விரிப்பும் பிளாஸ்டிக் பூச்சாடியும் இருக்கும். நாம் அதனைப் 'பிறிட்ஜ்' என்போம். அரிசிக்குக் கூப்பனும் பாணுக்கு வரிசையுமாக, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. சாதாரண குடும்பம் பிறிட்ஜைப் பற்றி நினைத்தும் பார்த்திராது.

1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும் தொடர்ந்து பெருகியது. ஆயினும் என் கணிப்பில், மாதச் சம்பளக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டது தவணைமுறைக் கொள்வனவே. 1987இல் நிறுவப்பட்ட றெக்னிஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே பிறிட்ஜ் தயாரித்தது. (சிங்கர் என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் பின்னிருந்து வாசித்தால் றெக்னிஸ்!) அதன் 'சிசில்' என்ற பெயருக்குச் சிங்களத்தில் குளிர்மை என்று பொருள். ஆசிரியர், எழுதுவினைஞர் வீடுகளிலும் பிறிட்ஜ் மெல்லச் சமையலறைக்கு இடம்பெயர்ந்தது.

வடக்கில் கதை வேறு. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தது. வெளிநாட்டுக் காசில் வாங்கிய பிறிட்ஜ்கள் அலுமாரிகளாயின. என் சின்னம்மா தமது பிறிட்ஜில் காணி உறுதிகளையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் பூட்டி வைத்திருந்தார், கறையான் அண்டாதாம்.

சமையலுக்கு அது பெரிய இழப்பன்று. மீனை அன்றன்று வாங்கி, மிஞ்சிய கறியைச் சுண்டக் காய்ச்சி, பழஞ்சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துப் பழகிய சனம் நாம். ஆனால் இன்சுலினைச் சுண்டக் காய்ச்ச இயலாதே! சித்தப்பா நீரிழிவு நோயாளி. மருந்து கிடைப்பதே அரிது. கிடைத்த குப்பியைக் காப்பது அதனினும் அரிது. மண்சட்டியில் மணல் நிரப்பி, குப்பியை நடுவில் புதைத்து, காலையும் மாலையும் மணலை நனைத்துக்கொண்டேயிருந்தார் சின்னம்மா. "மருந்து பழுதோ இல்லையோ எண்டு ஊசி போட்டாப் பிறகுதான் தெரியும்" என்பார்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு என்று அறிவிக்கப்பட்டபோது, கொழும்பில் அயல்வீட்டு அம்மையார் இன்சுலினை எங்கே வைப்பதென்று கலங்கி நின்றார். சின்னம்மாவின் சட்டியைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரி ஐயா, இந்த மாடிவீட்டில் மணலுக்கு எங்கே போறது?" என்றார்.